'வீட்டுல யாருமே சப்போர்ட் இல்லை!' - பேட்டியில் பெற்றோரை மறைத்த ராக் ஸ்டார்கள்

போன வருஷம் சேலத்தில் ஒரு கல்லூரி ராக் பேண்டைப் பேட்டி எடுத்தேன். லீட் கிட்டார் வாசித்தவன் நாமக்கல் பக்கத்துப் பையன். "வீட்டுல யாருமே சப்போர்ட் இல்லைண்ணா. யூடியூப் பார்த்து நானே கத்துக்கிட்டேன்" என்றான். கேட்கவே சினிமா மாதிரி இருந்தது. அதையே தலைப்பாக வைத்தேன். லைக்ஸ் அள்ளியது.

ரெண்டு நாள் கழித்து அவனுடைய அம்மா போன் செய்தார். திட்டவில்லை. "ஏனுங் தம்பி, அந்தக் கிட்டாரு என்ர கம்மல அடகு வெச்சு வாங்குனதுங்க. அவங்கப்பா லாரி ஓட்டிப் போற எடத்துல இருந்தே மாசாமாசம் கிளாஸுக்குப் பணம் போட்டு விட்டாரு. ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்று ராத்திரி ராக் ஸ்டார்களின் பழைய பேட்டிகளைத் தோண்டினேன். நம்ம பையன் பெரிய பரம்பரையில் வந்தவன் என்று அப்போதுதான் தெரிந்தது!

2016-ல் இலக்கிய நோபல் வாங்கிய பாப் டிலனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப காலத்தில் தன்னை ஊர் ஊராகத் திரிந்தவன், பெற்றோருடன் தொடர்பே இல்லாதவன் என்று சொல்லிக்கொண்டார். நிஜத்தில் அவர் மினசோட்டா மாநிலத்தின் ஹிப்பிங் நகரில் வளர்ந்த ராபர்ட் ஸிம்மர்மேன். அப்பா வீட்டு உபயோக மின்சாதனக் கடைக்காரர். 1963 நவம்பரில் 'நியூஸ்வீக்' இதழ் இதைப் போட்டு உடைத்தது. அதைவிடக் கொடுமை, அவர் அப்படிப் பேசிய சமயத்தில் அப்பாவும் அம்மாவும் அதே நியூயார்க்கில், சில தெருக்கள் தள்ளித் தங்கியிருந்தார்கள். எதற்கு? கார்னகி ஹாலில் மகன் பாடுவதைப் பார்க்க! டிக்கெட் ஏற்பாடும் மகன்தான்.

'தி டோர்ஸ்' ஜிம் மோரிசன் இன்னும் ஒரு படி மேலே போனார். 1967-ல் வெளியான அறிமுகக் குறிப்பில், குடும்பத்தினர் இறந்துவிட்டதாகவே சொல்லிவிட்டார். அப்பாவோ அமெரிக்கக் கடற்படையில் அட்மிரல், உயிரோடு இருந்தார்.

'தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்' ஜாக்கும் மெக்கும் வேறு ரகம். அக்கா, தம்பி என்றார்கள். பார்த்தால், விவாகரத்தான கணவன் மனைவி! அதைக்கூட சிரித்துவிட்டுப் போகலாம். பெற்றவர்களை இல்லாமல் ஆக்குவதுதான் எனக்கு உறுத்துகிறது. கடைக்காரர் மகன், அட்மிரல் மகன் என்றால் ராக் இமேஜுக்கு ஒட்டாது போல.

நேர்மாறாக ஒருவர் நம்மவர். ஈழத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த எம்.ஐ.ஏ. என்கிற மாயா அருள்பிரகாசம். ராப் பாடகிதான் என்றாலும், அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோன 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டு, 'தி க்ளாஷ்' என்ற ராக் குழுவின் இசைத்துண்டின் மேல் கட்டப்பட்டது. முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரான 'அருளர்', இரண்டாவதுக்கு அம்மா பெயரான 'கலா' என்று வைத்தார்.

அவர் விஷயத்தில் தடுமாறியது எழுதியவர்கள்தான். ஈரோஸ் அமைப்பை நிறுவியவர்களில் ஒருவரான அவருடைய அப்பாவைப் பலரும் விடுதலைப் புலி என்றே எழுதினார்கள். 2010-ல் 'நியூயார்க் டைம்ஸ்' இதழின் கட்டுரை, அவர் உயர்ரக உருளைக்கிழங்கு வறுவலைக் கொறித்தபடி புரட்சி பேசியதாகச் சித்திரித்தது. கோபத்தில் நிருபரின் போன் நம்பரை ட்விட்டரில் போட்டார் (அது தப்புதான்). பிறகு, தானே ரகசியமாகப் பதிவு செய்திருந்த ஆடியோவை வெளியிட்டார். வறுவல் யோசனை நிருபருடையது என்று அதில் கேட்டது! வேறு வேறு இடத்தில் சொன்னதை ஒட்டவைத்து மேற்கோளாகப் போட்டதை ஒப்புக்கொண்டு, பத்திரிகையும் ஆசிரியர் குறிப்பு சேர்த்தது.

இதைப் படித்தபோது எனக்கும் சுருக்கென்றது. பையன் சொன்னது பொய். சரிபார்க்காமல் தலைப்பில் ஏற்றியது நான்.

அவனிடம் கேட்டேன். "அம்மா வாங்கிக் கொடுத்தாங்கன்னு சொன்னா கெத்தா இருக்காதுண்ணா" என்றான், தலையைச் சொறிந்தபடி.

கட்டுரையைத் திருத்தி, கம்மலையும் லாரியையும் சேர்த்தோம். இந்தத் தடவை லைக்ஸ் பெரிதாக வரவில்லை. அம்மாவிடமிருந்து மட்டும் போன் வந்தது. "அந்த லிங்கை எனக்கு அனுப்பி உடுங்க தம்பி. அவங்கப்பாவுக்கு அனுப்போணும், வண்டியில இருக்காரு."