சிப்பம் நிறுவலில் நேரும் தடைகள்

வெளி மாநிலத்தில் வாழும் தமிழர் ஒருவர் தம் கணிப்பொறியில் உபுண்டு என்னும் இயக்குதளத்தை அமைத்துக்கொண்டு, அதில் தமிழ் எழுத விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழக அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அவருக்குப் பழக்கமானது. அதனை உள்ளடக்கிய ‘ஐபஸ்-எம்17என்’ என்னும் சிப்பத்தை நிறுவுமாறு ஆணையிடுகிறார். கணிப்பொறியோ ஆங்கிலத்தில் பத்து வரிகளை எழுதிக் காட்டி நின்றுவிடுகிறது. நாகபுரியிலோ சூரத்திலோ கடைத்தெருவில் பழுது பார்ப்பவரிடம் அதனைக் கொண்டு சென்றால், தமிழ் விசைப்பலகை ஒன்று உண்டென்பதே அவருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி அமைத்துத் தருகிறேன் என்பார். வீட்டுப் புகைப்படங்களும் பிள்ளைகளின் பாடக் குறிப்புகளும் அதனோடு போய்விடுவதுண்டு. பெரும்பாலும் இவ்வளவு கடுமையான சிகிச்சைக்கு அவசியமே இராது.

1993-இல் தோன்றிய டெபியன் இயக்குதளத்தின் வழியில் 2004-இல் வெளிவந்தது உபுண்டு. இரண்டிலும் நிறுவல் வேலையை இருவர் பகிர்ந்துகொள்கின்றனர். ‘ஆப்ட்’ என்பவர் கடைக்குச் சென்று வேண்டிய சாமான்களை வாங்கி வருபவர்; ‘டிபிகேஜி’ என்பவர் அவற்றை வீட்டில் பிரித்து அடுக்கிக் கணக்கெழுதுபவர். தடை நேர்ந்தால், அது கடைக்குப் போகும் வழியிலா, வீட்டுக்குள்ளா என்பதையே முதலில் அறிதல் வேண்டும். பலர் கடைசி வரியை மட்டும் படித்துக் கலங்குகின்றனர். மூலகாரணம் பெரும்பாலும் மேலே, முதன்முதலாகப் பிழை குறிக்கப்பட்ட வரியில் இருக்கும்.

வழியில் நேரும் தடைகளில் ஒன்று விடுதிகளில் தங்குவோர் நன்கு அறிந்தது. அங்குள்ள வைஃபை, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பக்கம் ஒன்றை முதலில் காட்டும். அதில் நுழையாமல் ஆணையிட்டால், களஞ்சியத்தின் பட்டியலுக்குப் பதிலாக அந்தப் பக்கமே ஆப்டின் கைக்கு வருகிறது. கையொப்பம் பொருந்தவில்லை என்று அது மறுக்கிறது. உலாவியைத் திறந்து நுழைந்துவிட்டால் தீர்ந்தது. மற்றொன்று பழைய யந்திரங்களில் வரும். உள்ளேயிருக்கும் காசு போன்ற சிறு மின்கலம் தேய்ந்துவிட்டால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். நேற்று வெளியான பட்டியல், வருங்காலத்தைச் சேர்ந்ததாக யந்திரத்துக்குத் தோன்றும். தேதியைத் திருத்தினால் போதும். மென்பொருளில் குற்றமே இல்லை.

பட்டியல் இருந்த இடத்தில் இல்லை என்று ‘404’ என்னும் எண் வருமானால், உங்கள் பதிப்பின் ஆயுள் முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இரண்டாண்டுக்கொருமுறை ஏப்ரலில் வரும் நீண்டகாலப் பதிப்புகளுக்குச் சாதாரணமாக ஐந்தாண்டுப் பராமரிப்பு உண்டு. இடைக்காலப் பதிப்புகளுக்கு ஒன்பது மாதமே. 2023 அக்டோபரில் வந்த 23.10 பதிப்பின் பராமரிப்பு 2024 ஜூலையில் முடிந்தது. பிறகு அதன் சிப்பங்கள் பழம் பதிப்புகளுக்கான வேறு களஞ்சியத்துக்கு மாற்றப்படுகின்றன. வீட்டுக்கு நீண்டகாலப் பதிப்பே ஏற்றது என்பது என் துணிபு.

இனி வீட்டுக்குள் வருவோம். கணிப்பொறியைத் திறந்தவுடன் ‘பூட்டைப் பெற இயலவில்லை’ என்ற செய்தி வருவதுண்டு. பின்னணியில் தானியங்கிப் புதுப்பித்தல் நடந்துகொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். சிறிது நேரம் பொறுத்திருப்பதே மருந்து. பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று அறிவுரை கூறுவோர் உளர்; அது ஒரே கணக்குப் புத்தகத்தில் இரு குமாஸ்தாக்களை ஒரே சமயத்தில் எழுதவிடுவதற்கு ஒப்பாகும்.

நிறுவலின் நடுவே மின்சாரம் நின்றால் சிப்பங்கள் பாதி பிரித்த நிலையில் கிடக்கும். அப்பொழுது டெர்மினலில், ஆங்கில எழுத்துக்களில், ‘சூடோ டிபிகேஜி’ என்று எழுதி, இடம் விட்டு, இரு சிறு கோடுகளை ஒட்டிக் ‘கன்ஃபிகர்’ என்றும், மீண்டும் இடம் விட்டு, ஒரு கோட்டை ஒட்டி ‘ஏ’ என்றும் எழுதி ஆணையிட்டால், விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். வட்டில் இடமில்லாமல் நின்றிருந்தால் மட்டும் இதுவும் பலிக்காது. முதலில் இடம் உண்டாக்க வேண்டும். தனிப் பகுதியாகப் பிரிக்கப்பட்ட ‘பூட்’ பகுதி பழைய கெர்னல்களால் நிரம்பிவிடுவது அடிக்கடி காணப்படும் காரணம்; ஆப்டின் ‘ஆட்டோரிமூவ்’ ஆணை வேண்டாதவற்றை நீக்கும்.

உண்மையான ஆபத்து இருப்பது சார்புத் தகராறில்தான். ஒரு சிப்பம் தனித்து இயங்குவதில்லை. வேறு சிப்பங்களைக் குறிப்பிட்ட பதிப்பில் கேட்கும். ஒருவர் 22.04 பதிப்பை வைத்துக்கொண்டு, 24.04 பதிப்புக்கெனக் கட்டப்பட்ட சிப்பத்தை ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து இறக்குகிறார். அது ‘லிப்சி6’ என்னும் அடிப்படை நூலகம் 2.38 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்கிறது. அவரிடம் இருப்பதோ 2.35. மறுப்பு நியாயமானதே. ஆயினும் வற்புறுத்தும் ஆணை ஒன்றைப் பிரயோகித்துப் புதிய நூலகத்தையும் உள்ளே தள்ளிவிடுகிறார். யந்திரத்திலுள்ள நிரல்கள் ஏறக்குறைய அனைத்தும், ஆணைகளை ஏற்கும் நிரல் உட்பட, அந்நூலகத்தின் மீது நிற்பவை. பிழை திருத்துவதற்குக்கூட ஆணையிட இயலாத நிலை அப்பொழுது வரலாம். தம் பதிப்புக்குரிய சிப்பத்தைத் தேடுவதும், அந்நியக் களஞ்சியங்களைச் சேர்த்திருந்தால் அவற்றை நிறுத்திவிட்டு, ‘சூடோ ஆப்ட்’ என்பதை அடுத்து, இரு கோடுகளுடன் ‘ஃபிக்ஸ்’, ஒரு கோடு, ‘புரோக்கன்’ எனச் சேர்த்தெழுதி, இடம் விட்டு ‘இன்ஸ்டால்’ என்று ஆணையிடுவதும் தக்க வழியாகும். அது எவற்றை நீக்கப் போகிறது என்ற பட்டியலைக் காட்டி அனுமதி கேட்கும். அப்பட்டியலைப் படிக்காமல் ‘ஆம்’ என்று சொல்லிவிட வேண்டாம். சில வேளை முழு மேசைச்சூழலும் அதில் சேர்ந்திருக்கும்.

தமிழ் விசைப்பலகையில் மட்டும் ஒரு விசித்திரம் உண்டு. பிழையேதுமின்றி நிறுவல் முடிந்த பின்னும் அமைப்புகளில் தமிழ்99 தென்படாது. நிறுவல் தோற்றதென்று எண்ணி மீண்டும் மீண்டும் முயல்வர். கணக்கிலிருந்து ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தபின், விசைப்பலகைப் பகுதியில் தமிழ் என்பதன் கீழ் பார்த்தால், அது அங்கே இருக்கும்.