மழை நாள் மாறிப் போச்சு... சம்பாவுக்கு நாள் குறிப்பது எப்படி?

ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறப்பு, ஐப்பசியில் அடைமழை, தையில் அறுவடை, ஜனவரி 28-ல் அணை மூடல். காவிரி டெல்டாவில் இந்தக் கணக்கை நம்பித்தான் தலைமுறை தலைமுறையாக விதை விட்டார்கள். இப்போது அந்தக் கணக்கு அடிக்கடி தப்புகிறது.

2020 நவம்பர், டிசம்பரில் நிவர், புரெவி புயல்கள். அதில் தப்பிய பயிர் 2021 ஜனவரி மழையில் சாய்ந்தது. 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை. 2023 பிப்ரவரியில் அறுவடைக்கு நின்ற சம்பா நனைந்தது. அதே ஆண்டு தண்ணீர் இல்லாமல் மேட்டூர் அணை அக்டோபரிலேயே மூடப்பட்டது. 2024-ல் அணை திறந்ததே ஜூலை 28-ல்தான். வெள்ளமும் வறட்சியும் ஒரே விவசாயியை மாறி மாறி அடிக்கின்றன.

“அய்யா, போன வருசம் வரப்பு தெரியாம தண்ணி நின்னுச்சு. இந்த வருசம் என்ன ரகம் போடலாம்?” என்று கிராமத்துக்குக் கிராமம் கேட்கிறார்கள். ரகத்தை மட்டும் மாற்றினால் போதாது. ரகம், விதைக்கும் நாள், வடிகால் மூன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

பின்னாலிருந்து எண்ணுங்கள்

நெல் பூத்ததிலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய 30 நாள். 155 நாள் ரகத்தைச் செப்டம்பர் 1-ல் விதைத்தால் ஜனவரி முதல் வாரம் பூக்கும், பிப்ரவரி முதல் வாரம் அறுவடை. நவம்பர் நடுவில் பயிருக்கு 75 நாள் வயது. நன்றாக வளர்ந்து தூர் கட்டி நிற்கும். கனமழையை ஓரளவு தாங்கும்.

அதே ரகத்தை அக்டோபர் 10-ல் விதைத்தால்? நவம்பர் மழையில் இளம்பயிர் மூழ்கும். பிழைத்தாலும் பிப்ரவரி நடுவில்தான் பூக்கும். அதற்குள் அணையை மூடிவிடுவார்கள். கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் இருக்காது. எனவே விதைப்பு அக்டோபருக்குத் தள்ளிப்போனால், பிடித்த ரகம் என்று நீண்ட வயது ரகத்தையே பிடித்துக்கொண்டிருக்காமல், ஏ.டி.டி. 39 போல 120 முதல் 125 நாள் ரகத்துக்கு மாறுங்கள்.

ஆற்றுத் தண்ணீருக்காக நாற்றங்காலோடு காத்திருப்பதைவிட, கோடை உழவு செய்த வயலில் கிடைக்கும் மழையைக் கொண்டு புழுதி விதைப்பு செய்யலாம். நட்ட பயிரைவிட 7 முதல் 10 நாள் முன்னதாக அறுவடைக்கு வரும். களைதான் சிக்கல், முதல் ஒரு மாதம் அசந்தால் மகசூலைக் களை தின்றுவிடும்.

பள்ள வயலுக்குத் தனி ரகம்

ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய நெல்லில் மூழ்கினாலும் சாகாத குணம் உண்டு. அந்தக் குணத்தைச் சேர்த்து உருவாக்கியவைதான் சுவர்ணா சப் 1, சி.ஆர். 1009 சப் 1 ரகங்கள். சாதாரண ரகம் மூழ்கியதும் மேலே வரத் துடித்து, இருக்கும் சக்தியை எல்லாம் தண்டை நீட்டுவதில் செலவழிக்கும். தண்ணீர் வடிந்ததும் துவண்டு அழுகும். சப் 1 ரகம் வளர்ச்சியை நிறுத்தி மாவுச்சத்தைச் சேமித்து வைக்கும்; வடிந்ததும் புதுத்தூர் விடும். சுமார் 2 வாரம் வரை தாங்கும்.

ஆனால் இது வளர்ச்சிப் பருவத்தில் மட்டும்தான். பூக்கும் நேரத்தில் மூழ்கினால் சப் 1-ம் காப்பாற்றாது. மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும் வயலுக்கும் ஏற்றதல்ல. மேட்டு வயலுக்கு இது தேவையும் இல்லை. 3 ஏக்கர் இருந்தால் பள்ளத்தில் சப் 1, மேட்டில் நடுத்தர வயது ரகம் என்று பிரித்துப் போடுங்கள். ஒரே மழை மொத்தத்தையும் கொண்டுபோகாது.

வடிகால் ஊர் வேலை

எந்த ரகம் போட்டாலும் தண்ணீர் வடிய வழி வேண்டும். ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைத்த வடிகாலில் உங்கள் வயல் தண்ணீர் போகாது. மேல்வயல் தண்ணீரும் உங்களிடமே வந்து நிற்கும். இதைத் தனி ஒருவர் சரிசெய்ய முடியாது. ஆவணிக்குள் ஊர் கூடி, கடைமடை வரை வடிகாலை நடந்து பாருங்கள். பெரிய அடைப்புகளுக்கு ஊராட்சியிலும் நீர்வளத்துறையிலும் எழுத்தில் மனு கொடுங்கள். அண்டை வயல்காரரோடு மழைக்கு முன்பே பேசிக்கொண்டால், மழை நேரத்தில் வரப்பை வெட்டுவதில் சண்டை வராது.

தண்ணீர் வடிந்த பிறகு

பதறிப்போய் உடனே யூரியா வீசாதீர்கள். நீர் வடிந்து, புது இலையும் வேரும் விடத் தொடங்கியதும், ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். பயிர் மஞ்சளாக இருந்தால் 2 கிலோ யூரியா, 1 கிலோ சிங்க் சல்பேட்டை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள்.

காப்பீட்டைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள்

பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவிகிதம்தான். குத்தகைதாரரும் சேரலாம். அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் 14 நாளுக்குள் மழையில் நனைந்து வீணானால், 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அடங்கலில் உள்ள சர்வே எண்ணும் விண்ணப்பத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ரசீது வாங்கும்போதே பாருங்கள்.

மழையை நிறுத்த நம்மால் முடியாது. பயிர் எந்த வயதில் மழையைச் சந்திக்க வேண்டும் என்பது ஓரளவு நம் கையில் இருக்கிறது. விதை வாங்கும் முன் உங்கள் வயல் மேடா பள்ளமா, தண்ணீர் எத்தனை நாள் நிற்கும், விதைப்பு எந்தத் தேதி என்று எழுதிக்கொண்டு, உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போங்கள். சந்தேகம் இருந்தால் இந்த மூன்று விவரத்தோடு கேள்வி பதில் பகுதிக்கு எழுதுங்கள். உங்கள் வயலுக்கு ஏற்ற பதிலாகச் சொல்கிறோம்.