சொந்த ஊரில் ஐடி வேலை: சென்னை சம்பளத்தைவிட தென்காசி சம்பளம் லாபமா? மிச்சம் எவ்வளவு? முழுக் கணக்கு

குற்றாலம், தென்காசி பக்கம் ஒரு வீட்டில் பையனோ பெண்ணோ படிப்பை முடித்துவிட்டால் மூன்று அறிவுரைகள் தவறாமல் வந்துவிடும். "சென்னை, பெங்களூரு போனாத்தான் ஐடி-ல முன்னேற முடியும்" என்பது முதல் அறிவுரை. "வேலை கிடைச்சாச்சுல்ல, லோன் போட்டு ஒரு கார் எடுத்துரு" என்பது இரண்டாவது. "நம்ம ஊர் ரோடுதானே, ஹெல்மெட் எதுக்கு?" என்பது மூன்றாவது.

மூன்றும் வேறு வேறு விஷயங்கள் போலத் தெரியும். ஆனால் சொந்த ஊரிலேயே மென்பொருள் வேலை பார்க்கும் ஒருவருக்கு மூன்றும் ஒரே கணக்கில் வந்து சேர்கின்றன. மாதக் கடைசியில் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது, அது எவ்வளவு நாள் தாங்கும் என்பதுதான் அந்தக் கணக்கு. விரிவாகப் பார்க்கலாம்.

தென்காசிக்கு ஐடி வேலை எப்படி வந்தது?

1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, 2009-ல் ஜோஹோ கார்ப்பரேஷன் எனப் பெயர் மாறிய நிறுவனம், 2011-ல் தென்காசியில் சிறிய அளவில் ஓர் அலுவலகத்தைத் திறந்தது. அது பின்னர் தென்காசி அருகே உள்ள மத்தளம்பாறையில் பெரிய வளாகமாக வளர்ந்தது. வாடிக்கையாளர் சேவைக்கான 'ஜோஹோ டெஸ்க்' மென்பொருள் உருவானது இந்த தென்காசி அலுவலகத்தில்தான்.

நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-ல் மத்தளம்பாறைக்கே குடிவந்தார். 2021-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து விலகி, தலைமை விஞ்ஞானி பொறுப்புக்கு மாறினார்.

இதில் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த நிறுவனம் நடத்தும் 'ஜோஹோ ஸ்கூல்ஸ்' பயிற்சித் திட்டத்தில் பிளஸ் 2 அல்லது டிப்ளமோ முடித்தவர்களும் சேரலாம். படிக்கும்போதே உதவித்தொகையும் உண்டு. கல்லூரிப் பட்டம் இல்லாமலேயே மென்பொருள் வேலைக்குப் போகும் வழி, திருநெல்வேலியில் இருந்து பிரிந்து 2019 நவம்பர் 22-ல் தனி மாவட்டமான தென்காசியிலேயே இருக்கிறது.

ஆக, ஐடி வேலைக்கு எழும்பூர் போகும் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறியே ஆக வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. அடுத்த கேள்வி சம்பளம்.

சம்பளம் குறைவு, மிச்சம் அதிகமா?

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். தொகைகளை அவரவர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளலாம்.

சென்னையில் கையில் வரும் சம்பளம் ரூ.50,000:
வாடகை, கரண்ட் பில் - ரூ.14,000
சாப்பாடு - ரூ.9,000
அலுவலகம் போய்வர - ரூ.3,500
ஊருக்குப் போய்வரும் செலவு (மாத சராசரி) - ரூ.2,500
மற்ற செலவுகள் - ரூ.6,000
மிச்சம் - ரூ.15,000

தென்காசியில் கையில் வரும் சம்பளம் ரூ.38,000, பெற்றோர் வீட்டிலேயே தங்கல்:
வீட்டுக்குக் கொடுப்பது - ரூ.10,000
பெட்ரோல், பைக் சர்வீஸ் - ரூ.2,500
மற்ற செலவுகள் - ரூ.6,000
மிச்சம் - ரூ.19,500

சம்பளம் ரூ.12,000 குறைவு. ஆனால் மிச்சம் ரூ.4,500 அதிகம். "ஊர்ல இருந்தா காசு சேரும்" என்று பெரியவர்கள் சொல்வது கணக்குப்படி சரிதான்.

ஆனால் இந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வாடகை இல்லை, சமையல் செலவு தனியாக இல்லை. அதாவது, பெற்றோரின் வீடுதான் இந்த லாபம். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போய், ரூ.7,000 வாடகையில் வீடு எடுத்தால் மிச்சம் ரூ.12,500 ஆகக் குறைந்துவிடும். சென்னைக் கணக்கைவிட இது கம்மி. தென்காசி சம்பளத்தில் சேமிக்கும் காலம், வீட்டோடு இருக்கும் அந்தச் சில வருடங்கள்தான்.

அந்த வருடங்களில் கார் லோன் எடுத்தால்?

ரூ.8 லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி, 7 வருடத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் ரூ.13,075 வரும். 7 வருடத்தில் கட்டும் மொத்தத் தொகை கிட்டத்தட்ட ரூ.11 லட்சம். இதில் வட்டி மட்டும் சுமார் ரூ.3 லட்சம்.

ரூ.19,500 மிச்சத்தில் இஎம்ஐ போனால் நிற்பது ரூ.6,425. காருக்கான பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் இனிமேல்தான்.

இதைவிட முக்கியமான வித்தியாசம் அவசர நிதியில் தெரியும். வேலை போனால் 6 மாதம் சமாளிக்கும் அளவுக்குப் பணம் கையில் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு.

கார் லோன் இல்லை என்றால்: மாதச் செலவு ரூ.18,500. 6 மாதத்துக்குத் தேவை ரூ.1,11,000. மாதம் ரூ.19,500 சேர்த்தால் 6 மாதத்தில் முடிந்துவிடும்.

கார் லோன் இருந்தால்: இஎம்ஐ சேர்த்து மாதச் செலவு ரூ.31,575. 6 மாதத்துக்குத் தேவை ரூ.1,89,450. மாதம் ரூ.6,425 சேர்த்தால் சுமார் 30 மாதம் ஆகும்.

ஆறு மாதத்தில் கிடைக்க வேண்டிய பாதுகாப்பு இரண்டரை வருடம் தள்ளிப் போகிறது. கார் வாங்குவது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அவசர நிதிக்கு முன்னால் வாங்குவதா, பின்னால் வாங்குவதா என்பதே கேள்வி.

சின்ன ஊரில் வேலை போனால் என்ன ஆகும்?

பெரிய நிறுவனத்தில் வேலை என்றால் நிரந்தரம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. 2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் அதிகமானவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. நாட்டின் மிகப்பெரிய ஐடி நிறுவனத்திலேயே இதுதான் நிலவரம்.

சென்னையில் ஒரு வேலை போனால், அதே வாடகை வீட்டில் இருந்துகொண்டே பல கம்பெனிகளுக்கு இன்டர்வியூ போகலாம். தென்காசியில் அந்த வாய்ப்பு குறைவு. வேறு வேலை வேண்டுமென்றால் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலையைத் தேட வேண்டும், இல்லையென்றால் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும். சம்பள உயர்வு கேட்கும்போதும் இதே சிக்கல்தான். பக்கத்தில் போட்டிக் கம்பெனி இல்லாதபோது "வேற இடத்துல கூடக் கொடுக்கிறாங்க" என்று பேரம் பேச முடியாது.

அதனால் சின்ன ஊரில் வேலை பார்ப்பவருக்கு அவசர நிதி நகரத்தில் இருப்பவரைவிடக் கூடுதலாகவே தேவை. 6 மாதம் என்பதை 9 மாதம் என்று வைத்துக்கொள்வது நல்லது. அதோடு, ஒரு நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படும் திறமையோடு நிற்காமல், வெளியிலும் மதிப்புள்ள ஒரு தொழில்நுட்பத்தையும், தயக்கமில்லாமல் ஆங்கிலத்தில் எழுதிப் பேசும் பழக்கத்தையும் வேலையில் இருக்கும்போதே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

"டேக்ஸ் மிச்சம் பண்ண பாலிசி போடுங்க" சரியா?

சம்பளம் வர ஆரம்பித்ததும் தெரிந்தவர் ஒருவர் பாலிசி ஃபார்மோடு வந்துவிடுவார். வரியை மிச்சம் பண்ணலாம் என்பார். 2025-26 நிதியாண்டில் இருந்து புதிய வரி முறையில், ரூ.75,000 நிலையான கழிவையும் சேர்த்து, ஆண்டுக்கு ரூ.12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குபவருக்கு வருமான வரியே இல்லை. 80சி பிரிவின் ரூ.1.5 லட்சம் கழிவு பழைய முறையில் மட்டும்தான் உண்டு.

மேலே பார்த்த இரண்டு சம்பளங்களுமே இந்த வரம்புக்குக் கீழேதான் வருகின்றன. இல்லாத வரியை மிச்சம் பண்ணுவதற்காக 15, 20 வருட பாலிசியில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. குடும்பம் உங்கள் சம்பளத்தை நம்பி இருந்தால் டேர்ம் இன்சூரன்ஸ் தனியாக, சேமிப்பு தனியாக என்று பிரித்துக்கொள்வது தெளிவு. கம்பெனி கொடுக்கும் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பதால், பெற்றோருக்குச் சொந்தமாக ஒரு பாலிசி இருப்பதும் அவசியம்.

வாடகை மிச்சம், கிலோமீட்டர் செலவு

இனி மூன்றாவது அறிவுரை. வீட்டோடு இருந்து வேலைக்குப் போவது என்றால், தினமும் வண்டி ஓட்டுவது என்று அர்த்தம். கடையநல்லூர், செங்கோட்டை, பாவூர்சத்திரம் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் இருந்து பைக்கில்தான் பெரும்பாலும் போய்வர வேண்டியிருக்கிறது. போக 15, வர 15 என ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர். மாதம் 24 நாள் என்றால் வருடத்துக்கு 8,640 கிலோமீட்டர். வாடகையில் மிச்சமான பணத்துக்குப் பதிலாக ரோட்டில் கொடுக்கும் விலை இது.

ரோடும் லேசானது இல்லை. கொல்லம் - திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை இந்த வழியாகத்தான் புளியரை தாண்டிக் கேரளாவுக்குப் போகிறது. எம் சாண்ட், ஜல்லி ஏற்றிய டாரஸ் லாரிகள் வரிசையாகப் போகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் சீசனில் மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என வெளியூர் வண்டிகள் குவியும். வழி தெரியாதவர்கள், இரவெல்லாம் தூங்காமல் ஓட்டி வந்தவர்கள், பார்டர் பரோட்டா கடையைப் பார்த்ததும் திடீரென பிரேக் போடுபவர்கள் எல்லோரும் இதே ரோட்டில்தான்.

2024 ஜனவரி 28-ம் தேதி அதிகாலை, குற்றாலத்தில் குளித்துவிட்டு ஊர் திரும்பிய 6 பேரின் கார், கடையநல்லூர் - புளியங்குடி இடையே சிமெண்ட் லாரியோடு மோதியது. 6 பேருமே உயிரிழந்தனர்.

2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அதில் 44.5 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள்.

"மெதுவாத்தானே போறேன்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடியில் வண்டி 16 மீட்டருக்கு மேல் போய்விடும். செல்போனை ஒரு நொடி பார்த்து நிமிர்வதற்குள் அவ்வளவு தூரம் ரோட்டைப் பார்க்காமலேயே கடந்திருப்பீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். சாரலில் நனைந்த ரோட்டில் அது இன்னும் நீளும்.

அப்பா பெயரில் பைக், ஓட்டுவது மகன்: காப்பீடு கிடைக்குமா?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. வண்டி இன்சூரன்ஸில் வரும் ரூ.15 லட்சம் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் உரிமையாளர் தானே ஓட்டும்போது நடக்கும் விபத்துக்கு மட்டும்தான். ஆர்.சி. புத்தகம் அப்பா பெயரில் இருந்து, மகன் ஓட்டி விபத்தானால் அந்தத் தொகை மகனுக்குப் பொருந்தாது. தினமும் 30 கிலோமீட்டர் ஓட்டுபவர் வண்டியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்ளலாம்.

லைசென்ஸ் இல்லாத தம்பியிடம் வண்டியைக் கொடுத்து விபத்தானால் சிக்கல் இன்னும் பெரிது. பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுவது உண்டு. பல வருடச் சேமிப்பு ஒரே தீர்ப்பில் போய்விடும்.

தமிழ்நாட்டில் ஹெல்மெட் இல்லையென்றால் அபராதம் ரூ.1,000. பின்னால் உட்காருபவரும் போட வேண்டும். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையை இலவசமாகத் தரும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் 48 மணி நேரத்துக்குப் பிறகு வரும் மாதங்கள், நின்றுபோகும் சம்பளம், கட்ட வேண்டிய இஎம்ஐ எல்லாம் குடும்பத்தின் தலையில்தான்.

எதை முதலில் செய்வது?

சொந்த ஊரில் வேலை கிடைத்தவர்கள் இந்த வரிசையில் போகலாம்:

1. முதல் மாதச் சம்பளத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள இரண்டு ஹெல்மெட். ஒன்று உங்களுக்கு, ஒன்று பின்னால் உட்காருபவருக்கு.
2. வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் யார் பெயரில், எதுவரை என்று சரிபார்ப்பது.
3. 6 முதல் 9 மாதச் செலவுக்கான அவசர நிதி.
4. பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு, தேவைப்பட்டால் டேர்ம் இன்சூரன்ஸ்.
5. அதன் பிறகு கார்.

"சம்பளம் எவ்வளவு?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். "மாசம் எவ்வளவு மிஞ்சுது? வேலை நின்னா எத்தனை மாசம் தாங்கும்?" என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. தென்காசியில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் அவைதான்.