பூட்டிய வாடகை, புறவாசல் பணம்

வாடகைக்கு ஒரு வாழ்க்கை – 9

வாடகை ஏன் இப்படி ஏறுகிறது என்று இதுவரை பார்த்தோம். இனி, என்ன செய்யலாம் என்ற கேள்வி. டீக்கடையில் கேட்டாலும் ஆபீஸ் கேன்டீனில் கேட்டாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: “கவர்மென்ட்டே ஒரு ரேட் ஃபிக்ஸ் பண்ணிடணும் சார். ஆட்டோவுக்கு மீட்டர் இருக்கு, வீட்டுக்கு ஏன் இருக்கக் கூடாது?”

ஆட்டோ மீட்டர் படும் பாட்டை விட்டுவிடுவோம். வீட்டுக்கு மீட்டர் வைத்துப் பார்த்த ஊர்கள் இருக்கின்றன. பம்பாய் வைத்துப் பார்த்தது. நம் மெட்ராஸும் வைத்துப் பார்த்தது. இரண்டு ஊரிலும் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொண்டு பிறகு முடிவுக்கு வரலாம்.

பம்பாய்க் கதை இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. சிமென்ட்டும் இரும்பும் போருக்குப் போய்விட்டன. வீடு கட்டுவது ஏறக்குறைய நின்றுபோனது. ஆனால் ஆலைகளுக்கும் துறைமுகத்துக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கூடவே பிரிவினை, சிந்துவிலிருந்து அகதிகள் வந்து குவிந்தார்கள். இந்த நெருக்கடியில் 1947-ல் வந்தது பம்பாய் வாடகைச் சட்டம். 1940 செப்டம்பர் 1 அன்று ஒரு வீட்டுக்கு என்ன வாடகையோ, அதுதான் ‘ஸ்டாண்டர்டு ரென்ட்’. அதற்கு மேல் கேட்கக் கூடாது. அன்றைய நிலைமையில் இதைக் குறை சொல்ல முடியாது. குடும்பத்தோடு தெருவில் நிற்கும் ஜனங்களிடம் பொருளாதாரத் தத்துவம் பேச எந்த அரசாலும் முடியாது.

சிக்கல் பிறகு வந்தது. தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டத்தைக் கெடு முடியும்போதெல்லாம் நீட்டித்தார்கள். ஒரு கட்டடத்துக்கு வீட்டுக்காரர் ஒருவர், குடியிருப்பவர்கள் ஐம்பது பேர். தேர்தல் கணக்குத் தெரிந்த யார் அதில் கை வைப்பார்கள்?

கிர்காம் பக்கம் இன்னும் மிச்சமிருக்கும் பழைய ‘சால்’ குடியிருப்பு ஒன்றுக்குள் போனால் அந்தச் சட்டம் கண்ணுக்கே தெரியும். தேய்ந்த மரப்படி. மாடிக்கு மாடி நீண்ட பொது வராந்தா. பத்துக்குப் பன்னிரண்டில் அறை, வராந்தாக் கோடியில் பொதுக் கழிப்பறை. தூணுக்குத் தூண் முட்டுக்கொடுத்த மரக்கட்டைகள். வாடகை ரசீதில் தாத்தாவின் பெயர் இருக்கும், தொகை சில நூறு ரூபாய் இருக்கும். ஜன்னலைத் திறந்தால் எதிரே கோடிக்கணக்கில் விலைபோகும் அடுக்குமாடி.

இந்த அறை உங்களுக்குக் கிடைக்குமா? கிடைக்கும், ஆனால் அந்தச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்காது. காலி செய்துவிட்டுப் போகிறவர், வருகிறவரிடம் ஒரு பெருந்தொகையை எண்ணி வாங்கிக்கொள்வார். அதில் மூன்றில் ஒரு பங்கு போல வீட்டுக்காரருக்குப் போகும். அவர் ரசீதைப் புதியவர் பெயருக்கு மாற்றித் தருவார். இதுதான் ‘பக்டி’. சட்டத்தில் பல பத்தாண்டுகள் இது குற்றம்; ஊரில் இதுதான் நடைமுறை. கடைசியில் 1999-ல் வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பக்டி வாங்குவதையும் கொடுப்பதையும் செல்லும் என்று ஒப்புக்கொண்டது.

வாடகையை முன்வாசலில் பூட்டினால், பணம் புறவாசல் வழியாக வந்துவிடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பூட்டினால் லாபம் யாருக்கு? ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு. நஷ்டம்? நேற்று ரயிலேறி வந்தவருக்கு. மாதாமாதம் நியாயமான வாடகை கொடுக்க அவரால் முடியும். லட்சங்களை ஒரே மூச்சில் வைக்க முடியாது. சாலில் இடமில்லாத அவருக்குக் குடிசைப்பகுதிதான் கதி.

கட்டடம் என்ன ஆனது? ஐம்பது அறையின் வாடகையைக் கூட்டினாலும் ஒரு தடவை பிளாஸ்டர் பூசக் காணாது என்றால் எந்த வீட்டுக்காரர் ரிப்பேர் செய்வார்? 1969-ல் அரசே செஸ் வரி போட்டு, பழுது பார்க்க ஒரு வாரியம் அமைத்தது. அந்தப் பட்டியலில் அப்போது இருந்த கட்டடங்கள் சுமார் 19,600. இன்றைக்கும் மழைக்காலத்துக்கு முன்னால் ஆபத்தான கட்டடங்களின் பட்டியல் வெளியாகிறது. 2017 ஆகஸ்ட் 31 அன்று பேண்டி பஜார் பகுதியில் நூறு வயதைக் கடந்த ஹுசைனி கட்டடம் இடிந்து 33 பேர் இறந்தார்கள். ஆபத்தான கட்டடம் என்று ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்த இடம் அது. இப்படிப்பட்ட கட்டடங்களை விட்டு ஜனங்கள் ஏன் போவதில்லை? வெளியே வந்தால் அந்த வாடகைக்கு ஊரில் வேறு இடம் இல்லை. வந்துவிட்டால் உரிமையும் போய்விடுமோ என்ற பயம்.

1997 டிசம்பரில், மால்பே விஸ்வநாத் ஆச்சார்யா வழக்கில், 1940-ன் வாடகையிலேயே உறைந்து நிற்பது காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பிறகு வந்த 1999 சட்டம், ஆண்டுக்கு 4 சதவீதம் ஏற்றிக்கொள்ள அனுமதித்தது. ஒரு கோடி ரூபாய்க்கு மேல் முதலீடுள்ள கம்பெனிகளுக்கும் வங்கிகளுக்கும் இனி இந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் சொன்னது. அதுவரை, சால் அறையில் இருந்த ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த அதே சலுகை அவர்களுக்கும் கிடைத்துவந்தது.

இனி மெட்ராஸ். இங்கேயும் போரில்தான் தொடக்கம்: 1941-ல் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை, பிறகு 1946, 1949 சட்டங்கள், கடைசியாக 1960-ன் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். திருவல்லிக்கேணி ஸ்டோர் வீடுகளிலும் மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனங்களிலும் இருந்த குமாஸ்தாக்களுக்கு இதுவே அரண்.

பம்பாயைவிட நம்மவர்கள் ஒருபடி கெட்டிக்காரத்தனமாக யோசித்தார்கள். பழைய தேதியில் பூட்டாமல், ஒரு சூத்திரம் வைத்தார்கள். நிலத்தின் சந்தை மதிப்பு, தேய்மானம் கழித்த கட்டட மதிப்பு, வசதிகள் எல்லாவற்றையும் கூட்டி, 1973 திருத்தத்துக்குப் பிறகு குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9 சதவீதம், கடை கண்ணிக்கு 12 சதவீதம். அதுதான் ‘நியாய வாடகை’. புதிதாகக் கட்டிய கட்டடத்துக்கு ஐந்து வருடம் விலக்கும் உண்டு, யாரும் கட்டப் பயப்படக் கூடாது என்பதற்காக.

காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஆனால் நிலத்தின் விலை ஏறிய வேகத்தில் சூத்திரமே தலைகீழானது. 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு 9 சதவீதம் போட்டுப் பாருங்கள்: மாதம் 37,500 ரூபாய். இன்றைய சென்னையில் அந்த வீட்டுக்கு அதில் பாதி வாடகை வந்தாலே அதிர்ஷ்டம். குடியிருப்பவரைக் காக்க வந்த பிரிவை வைத்து, மவுன்ட் ரோட்டிலும் தி.நகரிலும் பழைய வாடகைக்கு இருந்த கடைக்காரர்கள்மேல் கட்டட உரிமையாளர்களே நியாய வாடகை கேட்டு மனு போட்டார்கள்!

சாதாரணக் குடித்தனக்காரர் நீதிமன்றப் படியேறியதெல்லாம் பெரும்பாலும் காலி செய்யச் சொல்லும் வழக்குகளில்தான். வக்கீல்கள் ‘ஆர்.சி.ஓ.பி.’ என்பார்கள். வாடகை பாக்கி, சொந்த உபயோகம், இடித்துக் கட்டுவது: இந்த மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். இதில் ஒரு பழைய வித்தை உண்டு. வீட்டுக்காரர் திடீரென்று வாடகை வாங்க மறுப்பார். நாலு மாதம் கழித்து, ‘வேண்டுமென்றே பாக்கி வைத்தார்’ என்று மனு வரும். இதைச் சமாளிக்கவும் சட்டத்தில் வழி இருந்தது. எந்த வங்கியில் கட்டட்டும் என்று முதலில் எழுதிக் கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் மணியார்டர் அனுப்ப வேண்டும். அது ‘வாங்க மறுப்பு’ என்று எழுதித் திரும்பி வந்தால், வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் பணத்தைக் கட்ட அனுமதி கேட்க வேண்டும். திரும்பி வந்த மணியார்டர் படிவங்களை வருடக்கணக்கில் கட்டிவைத்திருந்த குடும்பங்கள் உண்டு. அந்தத் தாள்கள்தான் தலைக்கு மேல் கூரை. பிறகு மேல்முறையீடு, அப்புறம் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு. பென்ஷனோடு அந்த ஒரு வீட்டு வாடகையை நம்பியிருந்த வீட்டுக்காரர்களும் இதே வரிசையில் நின்று கிழமானார்கள்.

நம் ஊர்ப் புறவாசலுக்குப் பெயர் அட்வான்ஸ். 1960 சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சென்னையில் வாங்கியது பத்து மாதம். 15,000 ரூபாய் வாடகை வீட்டுக்குள் கால் வைக்க ஒன்றரை லட்சம். அதற்கு வட்டி கிடையாது. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு மிச்சம்தான் கைக்கு வரும். சட்டப் புத்தகம் ஒரு பக்கம், ஊர் வழக்கம் ஒரு பக்கம். இரண்டும் அரை நூற்றாண்டு ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

2019 பிப்ரவரி 22 அன்று இந்தச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழையது ஒரு எல்லை என்றால் இது மறு எல்லை. நியாய வாடகைச் சூத்திரம் போயிற்று. இருவரும் பேசி எழுதிக்கொள்வதே வாடகை. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் ஒப்பந்தம் போடத் தவறினால் அதுவே காலி செய்யச் சொல்லக் காரணமாகலாம். அந்த அடி விழுவது குடியிருப்பவர்மேல்தான். முன்பணம் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது என்கிறது; கூடவே, வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய என்றும் சொல்லிவிடுகிறது. அப்புறம் யார் மூன்றோடு நிறுத்துவார்கள்? ஊரில் இன்னமும் ஓடுவது முத்திரைத்தாளில் அடித்த பதினோரு மாத அக்ரிமென்ட்தான்.

அப்படியானால் அரசு ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதானா? கூடாது என்பது என் கட்சி. ஆனால் அது நிற்க வேண்டிய இடம் வேறு.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1994-ல், 1980-க்கு முன் கட்டிய சிறு குடியிருப்புக் கட்டடங்களுக்கும் வாடகைக் கட்டுப்பாட்டை விரித்தார்கள். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ரெபெக்கா டயமண்டும் இரண்டு சகாக்களும் அதை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். கட்டுப்பாடு வந்த வீடுகளில் இருந்தவர்கள் அதே முகவரியில் தொடர்ந்து இருக்கும் வாய்ப்பு 10 முதல் 20 சதவீதம் கூடியது. மறுபக்கம், அந்த வீட்டுக்காரர்கள் விற்றும் இடித்துக் கட்டியும் வாடகைக்கு விடும் வீடுகளை 15 சதவீதம் குறைத்தார்கள். ஊர் முழுக்க வாடகை 5.1 சதவீதம் ஏறியது. இரண்டு கட்சிக்காரர்களும் இதில் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்காட்டுவார்கள். முழுதாகப் படித்தால், குடியிருப்பவருக்கு இந்தச் சட்டத்தால் கிடைத்தது நிலைத்திருக்கும் உரிமை என்பது புரியும். அதைக் கொடுக்க வாடகையைப் பூட்டித்தான் ஆக வேண்டுமா?

வீடு தேடும்போது உங்களுக்குப் பேரம் பேச இடமுண்டு. இந்தத் தெரு கட்டாவிட்டால் அடுத்த தெரு. குடிவந்த பிறகு அது போய்விடுகிறது. பிள்ளை பக்கத்துப் பள்ளியில், ரேஷன் கார்டும் கேஸ் கனெக்‌ஷனும் இந்த முகவரியில், மாமியாருக்கு ஆஸ்பத்திரி நடை தூரத்தில். காலி செய்வதென்றால் வண்டிச் சத்தம், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, புது அட்வான்ஸ். இது அத்தனையும் ஹவுஸ் ஓனருக்கும் தெரியும். பதினோராம் மாதம், “அடுத்த மாசத்துலேர்ந்து மூவாயிரம் சேத்துக் குடுத்துடுங்க, இல்லேன்னா வேற எடம் பாத்துக்குங்க” என்று அவர் சொல்லும்போது அங்கே சந்தை என்று எதுவும் இல்லை. அரசு வந்து நிற்க வேண்டிய இடம் அதுதான்.

ஜெர்மனியில் குடியிருப்பவருக்கு மூன்று ஆண்டில் 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. வீட்டுப் பஞ்சமுள்ள ஊர்களில் அது 15. கலிஃபோர்னியாவில் 2020 முதல், ஆண்டுக்கு 5 சதவீதமும் அதோடு விலைவாசி உயர்வும். எப்படியும் 10-ஐத் தாண்டக் கூடாது. கட்டி 15 வருடம் ஆகாத கட்டடத்துக்கு விலக்கு. நாம் 1960-லேயே ஐந்து வருட விலக்காக வைத்திருந்த யோசனைதான் அது! புதிதாகக் குடிவருபவருக்கு வாடகையைச் சந்தை தீர்மானிக்கட்டும். வந்தபிறகு ஏறும் வேகத்தைச் சட்டம் தீர்மானிக்கட்டும். முன்பணத்துக்கு ‘ஒழிய’ இல்லாத உச்சவரம்பு இருக்கட்டும். அப்போது வீட்டுக்காரர் தொடக்கத்திலேயே கொஞ்சம் கூட்டிக் கேட்பார்தான். கேட்கட்டும். அது முன்கூட்டியே தெரிந்த செலவு. அதற்கேற்றபடி குடும்பம் நடத்தலாம்.

ஒன்றை மட்டும் எந்த வாடகைச் சட்டமும் செய்யாது: ஒரு செங்கல்கூட அடுக்காது. நாட்டின் நகரங்களில் வாடகை வீட்டில் வாழ்வோரின் பங்கு 1961-ல் 54 சதவீதமாக இருந்தது, 2011-ல் 28 ஆகச் சுருங்கியது என்று மத்திய அரசின் 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை சொன்னது. அதே 2011 கணக்கெடுப்பில் நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஒரு கோடிக்கு மேல். குடிவைத்தால் கிளப்ப முடியாது என்ற பயம் அதற்கு ஒரு காரணம். தகராறை ஆறு மாதத்தில் தீர்த்துவைக்கும் அமைப்பு இருந்தால் அந்தப் பூட்டுகளில் பல தானே திறக்கும். மிச்சத்தை அரசே கட்ட வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 2024-ல் திறந்த பெண் தொழிலாளர் குடியிருப்பில் 18,720 பேர் தங்கலாம். வேலை இருக்கும் இடத்தில், விற்காமல் வாடகைக்கென்றே கட்டியது. குடும்பங்களுக்கு இதே அளவில் ஏன் கட்டக் கூடாது?

நூறு வருடத்துக்கு முன்பே ஒரு நகராட்சி அப்படிக் கட்டிக் காட்டியது. பணக்காரர் வீடுகளுக்குக் கனத்த வரி போட்டு, பத்தே வருடத்தில் 60,000 வீடுகளுக்கு மேல். அந்த ஊர் வியன்னா. அங்கே அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)