அரக்கனுக்கு எதற்கு ஃப்ளாஷ்பேக்?

‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்’ படத்தின் கடைசிப் பகுதியைப் பற்றித் திருச்சியில் கல்லூரிப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். “சண்டை உச்சத்துல இருக்கறப்ப நிறுத்திட்டுக் கதை சொல்றாங்கண்ணா, பொறுமையே போயிடுச்சு” என்பது ஒரு கட்சி. “அந்தக் கதைக்காகத்தாண்ணா படமே” என்பது மறு கட்சி. 2025 செப்டம்பர் 12 அன்று தமிழ் உட்பட ஐந்து மொழிகளில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்த படம் இது. இங்கே வெளியான அனிமே படங்களில் இதுவரை எதுவும் இந்த அளவுக்கு வசூலித்ததில்லை. ஓவியத்தையும் அசைவையும் யாரும் குறை சொல்லவில்லை. வழக்கு முழுவதும் அகாஸா என்ற அரக்கனின் ஃப்ளாஷ்பேக் மீதுதான். படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு இதைப் படிப்பது நல்லது. முடிவைச் சொல்லாமல் இந்த வழக்கை விளக்க முடியாது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நூறு ஆண்டுக்கு முந்தைய ஜப்பானில் கரி விற்றுப் பிழைக்கும் சிறுவன் தான்ஜிரோ. அவன் குடும்பத்தை அரக்கன் கொன்றுவிடுகிறான். உயிர் தப்பிய தங்கை நெஸுகோ அரக்கியாக மாறிவிடுகிறாள். தங்கையை மீட்க அவன் அரக்கர்களை வேட்டையாடும் படையில் சேர்கிறான். கொயோஹாரு கோதோகே இதை மங்காவாக எழுதி வரைந்தார். ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் 2016 முதல் 2020 வரை வந்து, 23 தொகுதிகளில் முடிந்தது. யூஃபோடேபிள் நிறுவனம் 2019இல் தொலைக்காட்சித் தொடராக்கியது. ‘இன்ஃபினிட்டி கேஸில்’ இறுதிப் போரைச் சொல்லும் மூன்று படங்களில் முதலாவது. ஓடும் நேரம் 155 நிமிடம்.

இனி அகாஸா. முந்தைய படமான ‘மூகென் ட்ரெய்ன்’ பார்த்தவர்கள் அவனை எளிதில் மன்னிக்க மாட்டார்கள். ரசிகர்கள் உயிரையே வைத்திருந்த படைவீரன் ரெங்கோகுவைக் கொன்றவன் அவன். புதிய படத்தில் தான்ஜிரோவும் அதே படையைச் சேர்ந்த கியுவும் நெடுநேரம் போராடி அவன் தலையைத் துண்டிக்கிறார்கள். இந்தக் கதையின் விதிப்படி தலை போனால் அரக்கன் அழிய வேண்டும். அகாஸா அழியவில்லை. தலையில்லாத உடல் எழுந்து நிற்கிறது, அடிக்கிறது, காயங்கள் ஆறத் தொடங்குகின்றன. வாளால் இனி ஆவது ஒன்றுமில்லை என்ற இடத்தில்தான் படம் எடோ காலத்துக்குப் போகிறது.

அங்கே அவன் பெயர் ஹாகுஜி. படுத்த படுக்கையான அப்பாவுக்கு மருந்து வாங்கப் பிக்பாக்கெட் அடிக்கும் பையன். பிடிபட்ட ஒவ்வொரு முறையும் குற்றவாளி என்பதற்கு அடையாளமாகக் கையில் பச்சை குத்துகிறார்கள். மகன் திருடிய காசில் வாழ மனமில்லாமல் அப்பா தூக்குப் போட்டுக்கொள்கிறார். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட பையனைக் கெய்ஸோ என்ற சண்டைக்கலை ஆசான் சேர்த்துக்கொண்டு, நோயாளியான தன் மகள் கோயுகியைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். பையன் அவளுக்கு ஈரத்துணி மாற்றுகிறான், ராத்திரி கண்விழிக்கிறான். அவள் தேறுகிறாள், கல்யாணம் நிச்சயமாகிறது. அதைச் சொல்ல அவன் அப்பாவின் கல்லறைக்குப் போன நேரத்தில், பக்கத்துப் பயிற்சிக்கூடத்தார் கிணற்றில் விஷம் கலந்து ஆசானையும் மகளையும் கொன்றுவிடுகிறார்கள். அவன் வெறுங்கையால் அறுபத்தேழு பேரை அடித்துக் கொல்கிறான். அதன் பிறகுதான் அரக்கர் தலைவன் முஸான் வருகிறான்.

இந்த நினைவு திரும்பியதும் அகாஸா தன் அடியைத் தன் மேலேயே திருப்பிக்கொள்கிறான். சண்டையை முடித்தது தான்ஜிரோவின் வாள் அல்ல, அந்த நினைவுதான். எனவே ஃப்ளாஷ்பேக் சண்டையைத் தடுத்துவிட்டது என்ற குறையை என்னால் ஏற்க முடியவில்லை. கடைசி அடியே அந்த ஃப்ளாஷ்பேக்தான். அதை வெட்டியிருந்தால் அகாஸா ஏன் செத்தான் என்பதற்குக் காரணமே இருந்திருக்காது.

தமிழ் ரசிகர்களுக்கு ஃப்ளாஷ்பேக் புதிதல்ல. ‘பாட்ஷா’ 1995இல் வந்தபோது, ஆட்டோக்காரர் மாணிக்கத்தின் பம்பாய்க் கதை எப்போது தொடங்கும் என்று அரங்கமே காத்திருந்தது. படத்தை நிறுத்திக் கதை சொல்கிறார்கள் என்று யாரும் முனகவில்லை. ஆனால் நம் சினிமாவில் அந்த நீளமும் உரிமையும் பெரும்பாலும் நாயகனுக்குத்தான் கிடைக்கின்றன. வில்லனுக்கு ஓர் அறிமுகக் காட்சி, ஒரு தீம் மியூசிக், கடைசியில் ஒரு சாவு. நமக்குப் பிடித்தவனைக் கொன்றவனுக்கு அதே நீளத்தைக் கொடுத்து, அவனுக்காகவும் அழுங்கள் என்று கேட்பதுதான் பலருக்குத் தொண்டையில் சிக்குகிறது. “ரெங்கோகுவக் கொன்னவனுக்கு நான் ஏன் அழணும்?” என்று கேட்பவரின் கோபம் நியாயமானது; படமும் அவன் செய்த கொலைகளை இல்லை என்று சொல்லவில்லை.

இதே மாதிரியான வழக்கு ஸ்ரீரங்கத்துக்கு மிகப் பழையது. அரங்கநாதர் கோயிலில் தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பர் மண்டபம் இருக்கிறது. கம்பர் தம் ராமாயணத்தை அரங்கேற்றியது இங்கேதான் என்பது கோயில் மரபு. அரங்கேற்றத்தில் ஒரு பகுதிக்கு எதிர்ப்பு வந்ததாகவும் அந்த மரபே சொல்கிறது. அந்தப் பகுதி இரணியன் வதைப் படலம். வால்மீகியில் அது இல்லை. வானரப் படை கடற்கரைக்கு வந்துவிட்டது; லங்கையில் ராவணன் மந்திராலோசனை நடத்துகிறான்; போர் தொடங்க வேண்டிய நேரம். அங்கே கதையை நிறுத்தி, வேறொரு யுகத்து அசுரனின் வாழ்வையும் சாவையும் வீடணன் வாயால் 170க்கும் மேற்பட்ட பாடல்களில் கம்பர் சொல்கிறார். மூலத்தில் இல்லாததை எதற்குச் சேர்த்தாய் என்று அறிஞர்கள் கேட்டபோது, எதிரே மேட்டில் கோயில் கொண்டிருக்கும் நரசிம்மரான அழகியசிங்கரே கர்ஜித்து ஒப்புதல் தந்தார் என்கிறார்கள்.

இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. இரணியன் கடைசிவரை மனம் மாறாதவன்; கம்பர் அவனை ராவணனுக்கு எச்சரிக்கையாக நிறுத்துகிறார், இரக்கம் கேட்கவில்லை. ஆனாலும் அசுரனுக்கு அவ்வளவு கம்பீரத்தையும் வாதத் திறனையும் கொடுத்துவிட்டால், படிப்பவர்களில் சிலர் அவன் பக்கம் சாய்வதைத் தடுக்க முடியாது. 1934இல் பாரதிதாசன் எழுதிய ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ நாடகம் அவனையே நாயகனாக்கியது. 1948இல் அரசு அதற்குத் தடை போட்டது. அசுரன் கதைக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று தமிழர்கள் நெடுங்காலமாக வாதாடி வருகிறார்கள். அகாஸா வழக்கில் இரு பக்கமும் இவ்வளவு சூடாகப் பேசுவது எனக்கு வியப்பாக இல்லை, மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

குறை சொல்பவர்களிடமும் ஓர் உண்மை இருக்கிறது. வார இதழில் ஒரு முன்கதை வந்தால் வாசகருக்கு அடுத்த இதழ்வரை ஒரு வாரம் இருக்கும். தொலைக்காட்சியிலும் அப்படித்தான். யூஃபோடேபிள் மங்காவைக் குறைக்காமல், பல இடங்களில் நீட்டியே, ஒரே அமர்வில் காட்டுகிறது. படைவீரர்களான ஷினோபுவும் ஸெனிட்சுவும் முறையே டோமா, கைகாகு என்ற அரக்கர்களோடு போடும் சண்டைகள், அகாஸா சண்டை என்று மூன்றிலும் முன்கதை வருகிறது. அகாஸாவின் கதை தொடங்கும்போது பார்ப்பவர் ஏற்கெனவே களைத்திருக்கிறார். ஷினோபுவின் பகுதியில் அக்காவின் நினைவுகள் சண்டையின் ஓட்டத்தை உடைக்கத்தான் செய்கின்றன. அங்கே நினைவு எதையும் தீர்மானிக்கவில்லை. குறை ஃப்ளாஷ்பேக்கில் இல்லை, மூன்றையும் நீட்டியதில்தான் இருக்கிறது.

பெற்றோர் தரப்பு தனி. கார்ட்டூன் என்று ஆறு வயதுப் பிள்ளையை அழைத்துப்போய், தலை உருளும் காட்சியில் கண்ணைப் பொத்தியவர்கள் உண்டு. 2024 நவம்பரிலிருந்து யு/ஏ சான்றிதழ் 7+, 13+, 16+ என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. டிக்கெட் எடுக்குமுன் அந்த எண்ணைப் பார்த்துவிட வேண்டும்.

தொடக்கத்திலிருந்தே கோதோகேயின் கதையில் அரக்கர்கள் சாகும் தறுவாயில் மனித நினைவு திரும்புவது உண்டு. முதல் பருவத்தில் படைத்தேர்வு மலையில் செத்துக்கொண்டிருந்த அரக்கனின் கையைத் தான்ஜிரோ பற்றிக்கொண்டான். சிலந்திக் குடும்பத்து ரூயி தன் தாய் தந்தையை நினைத்தான். இது வாய்ப்பாடாகிவிட்டது என்பவர்களுக்கு அடுத்த படங்கள் ஒரு சோதனை வைத்திருக்கின்றன. டோமாவின் கணக்கு இன்னும் தீரவில்லை. மங்காவில் அவனுக்கும் முன்கதை உண்டு. ஆனால் அதில் அழுவதற்கு எதுவும் இல்லை. பெற்றோர் கண்ணெதிரே செத்துக் கிடந்தபோதும் எதையும் உணராத பிள்ளை அவன். அகாஸாவுக்காகக் கண் துடைத்தவர்களும் கைக்கடிகாரம் பார்த்தவர்களும் அந்த ஃப்ளாஷ்பேக்கை ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். இப்போதைய கட்சிகள் அப்போதும் இப்படியே இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.