கல்பாக்கத்துச் சோடியமும் உருக்குதலின் கணக்கும்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் உள்ள கல்பாக்கத்தில், 1985 அக்டோபர் 18 அன்று முதன்முதலாக அணுப்பிளவுத் தொடர்வினை நிலைபெற்ற ஈனுலைச் சோதனை உலையிலும், பின்னர் பாவினி நிறுவனம் அமைத்த 500 மெகாவாட் மின்திறன் கொண்ட முன்மாதிரி ஈனுலையிலும், உலையின் வெப்பத்தை ஏந்திச் செல்வது நீரன்று. உருகிய சோடியம் என்னும் உலோகமே. முன்மாதிரி உலையின் முதன்மைச் சுற்றுக்கு மட்டும் ஏறத்தாழ 1,150 டன் சோடியம் வேண்டும். சாதாரண வெப்பநிலையில் அது கத்தியால் வெட்டத்தக்க மென்மையான திண்மமாதலால், உருக்கிய பின்னரே உலைக்குள் செலுத்த முடியும்.

உலோகம் எதுவாயினும் அதை உருக்கத் தேவையான வெப்பம் இரு பகுதிகளால் ஆனது. ஒரு கிலோ பொருளின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தத் தேவையான அளவு தன்வெப்பம் எனப்படும். உருகுநிலையை எட்டிய பின், வெப்பநிலை சிறிதும் ஏறாமலே திண்மம் திரவமாவதற்கு உட்கொள்ளும் அளவு உள்ளுறை வெப்பம் எனப்படும். சோடியத்தின் உருகுநிலை 98 டிகிரி செல்சியஸ். தன்வெப்பம் சுமார் 1.3 கிலோஜூல், உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 113 கிலோஜூல். எனவே, 30 டிகிரியில் உள்ள ஒரு கிலோ சோடியத்தை உருகுநிலைக்குக் கொண்டுவர 88 கிலோஜூலும், பின்னர் உருக்க 113 கிலோஜூலும் ஆக, ஏறத்தாழ 200 கிலோஜூல் போதும். ஒரு கிலோ பனிக்கட்டி வெறுமனே உருகுவதற்கே 334 கிலோஜூல் வேண்டும் என்பதை நோக்கினால், இந்த உலோகம் எவ்வளவு எளிதில் இளகுவது என்பது விளங்கும். மாமல்லபுரத்து அரசு சிற்பக்கலைக் கல்லூரியில் கற்பிக்கப்படும் உலோக வார்ப்புக்கலையில் முதன்மை இடம் பெறும் செம்போ 1,085 டிகிரியில்தான் உருகும். அதற்குக் கிலோவுக்குச் சுமார் 670 கிலோஜூல் செலவாகும். மூசையும் உலைச்சுவரும் புகையும் கொண்டுபோகும் வெப்பம் இதில் சேராது. திறந்த கரி உலையில் அந்த இழப்பே உருக்கும் வெப்பத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

மின்கட்டண அட்டையில் காணும் ஒரு யூனிட் 3,600 கிலோஜூல் ஆதலால், ஒரு டன் சோடியத்தை உருக்க 56 யூனிட்டும், 1,150 டன்னுக்கு ஏறத்தாழ 64,000 யூனிட்டும் ஆகும். நேரம் அறிய, வெப்பத்தின் அளவை வெப்பமூட்டியின் திறனால் வகுக்க வேண்டும். 10 கிலோவாட் மின்வெப்பமூட்டி ஒரு டன்னை ஐந்தரை மணி நேரத்தில் உருக்கும். கலனின் சுவர் வழியே 2 கிலோவாட் வெளியேறுவதாகக் கொண்டால் எஞ்சுவது 8 கிலோவாட்டே என்பதால் ஏழு மணி நேரம் ஆகும். உருகுநிலையை எட்டுமுன்பே இழப்பும் வெப்பமூட்டியின் திறனும் சமமாகிவிட்டால், எத்தனை நாள் காத்திருந்தாலும் உலோகம் உருகாது. கணக்குப் போடுவோர் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்.

ஆனால் விரைவு மட்டுமே குறிக்கோளாகிவிடக் கூடாது. சோடியம் உருகும்போது அதன் கன அளவு இரண்டரை விழுக்காடு அளவுக்குப் பெருகுவதால், குழாயில் உறைந்த சோடியத்தை நடுவிலிருந்து சூடேற்றினால், இருபுறமும் திண்மத்தால் அடைபட்ட திரவம் விரிய வழியின்றிக் குழாயையே பிளந்துவிடக்கூடும். அவ்வாறு வெளிப்படும் சூடான சோடியம் காற்றில் தீப்பற்றும், நீரோடு சேர்ந்தால் கடுமையாக வினைபுரியும். ஆகவே காற்றுக்குப் பதிலாக ஆர்கான் வாயு நிரப்பப்பட்ட திறந்த பரப்பின் பக்கத்திலிருந்தே படிப்படியாக உருக்கிச் செல்ல வேண்டும். சோடியத்தை நிரப்புமுன், அது உறைந்து வழியை அடைக்காதிருக்கும் பொருட்டு, குழாய்களையும் சுமார் 150 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்கிறார்கள்.

உலை இயங்கத் தொடங்கிய பின் இதே கணக்கு தலைகீழாகப் பயன்படுகிறது. முன்மாதிரி உலையின் மையப்பகுதி 1,250 மெகாவாட் வெப்பத்தைத் தர, சோடியம் 397 டிகிரியில் உள்ளே சென்று 547 டிகிரியில் வெளிவருவதால், இந்த 150 டிகிரி வேறுபாட்டையும் திரவத்தின் தன்வெப்பத்தையும் கொண்டு கணித்தால், நொடிக்கு ஏறத்தாழ ஆறரை டன் சோடியம் பாய வேண்டும் எனத் தெரிகிறது. உலையை நிறுத்தி எரிபொருளை மாற்றும் வேளையிலும் சோடியம் உறைய விடப்படுவதில்லை. அப்போதும் அது சுமார் 200 டிகிரியில் வைக்கப்படுகிறது.