பத்திரத்தில் ஒரு சதவீதக் கணக்கு

எட்டாம் வகுப்பில் ‘வாழ்வியல் கணிதம்’ பாடத்துக்கு நான் எப்போதும் கடைக் கணக்குகளையே எழுதிப் போடுவேன். கடந்த ஆண்டு என் வீட்டை விற்றதிலிருந்து ஒரு பத்திரக் கணக்கும் சேர்ந்துகொண்டது.

15 இலட்சம் ரூபாய்க்கு வாங்கிய வீடு. 40 இலட்சத்துக்கு விலை பேசி முடித்தோம். மனையின் அரசு வழிகாட்டி மதிப்பும் கட்டட மதிப்பும் சேர்த்து 30 இலட்சம்தான். வாங்குபவர், “டீச்சர், 30-க்கே பத்திரம் எழுதிக்கலாம். மீதியை ரொக்கமா கொடுத்துடறேன்” என்றார்.

அவருக்கு என்ன மிச்சம்? தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 5%, உள்ளாட்சி அமைப்புகளுக்குச் சேரும் சொத்து மாற்று வரி 2%, பதிவுக் கட்டணம் 2%. மொத்தம் 9%. வழிகாட்டி மதிப்பு, விற்பனை விலை இரண்டில் எது அதிகமோ அதற்கே கணக்கு. இதை வாங்குபவர்தான் செலுத்துவது வழக்கம். 40 இலட்சத்துக்கு ரூ.3,60,000, 30 இலட்சத்துக்கு ரூ.2,70,000. மிச்சம் ரூ.90,000. அதில் ரூ.20,000 எங்கள் ஊருக்குச் சேர வேண்டிய பங்கு.

விற்பவருக்கு உரியது மூலதன ஆதாய வரி. இது முழு விலைக்கும் அல்ல, லாபத்துக்கு மட்டுமே. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த வீட்டுக்கு 12.5%. 23.07.2024-க்கு முன் வாங்கியதென்றால், பணவீக்கத்தைக் கழித்த லாபத்தில் 20% என்றும் கணக்கிட்டு, குறைவானதைச் செலுத்தலாம். விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த லாபத்தைக் கொண்டு வேறு வீடு வாங்கினால் வரிவிலக்கு உண்டு. நானும் வேறு வீடு வாங்க இருந்தேன். ஆகவே விலையை மறைப்பதால் எனக்கு எந்த ஆதாயமும் இல்லை.

ஆபத்து மட்டும் உண்டு. சொத்து விற்பனையில் ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாக விதிக்கப்படலாம். அரசு ஊழியரான நான் இந்த விற்பனையைத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். பத்திரத்தில் ஒரு விலையும் கையில் ஒரு விலையுமாக என்னவென்று எழுதிக் கொடுப்பேன்?

அவரிடம் அறிவுரை சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

“சில வருஷம் கழிச்சு நீங்க இதை 50 இலட்சத்துக்கு விக்கிறீங்கன்னு வைங்க. பத்திரத்துல 40 இருந்தா லாபம் 10 இலட்சம். 30 இருந்தா 20 இலட்சம். இல்லாத 10 இலட்சம் லாபத்துக்கு 12.5% வரி எவ்வளவு?”

அவரே போட்டுப் பார்த்தார். ரூ.1,25,000. இன்று மிச்சம் பிடிப்பதைவிட ரூ.35,000 அதிகம்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, “40-க்கே எழுதிடலாம் டீச்சர்” என்றார். முழுத் தொகையும் வங்கி வழியாகவே வந்தது.

இப்போது இந்தக் கணக்கை விலைகளை மாற்றி என் வகுப்பில் கொடுக்கிறேன். விடை கண்டதும் ஒரு கேள்வி சேர்ப்பேன்: “விலையைக் குறைத்து எழுதினால் யார் யாருக்கு நட்டம்?” வாங்கியவர், விற்றவர் என்று தொடங்குவார்கள். “நம்ம ஊருக்கும்தான் டீச்சர்” என்று ஒரு குரல் வரும்வரை காத்திருப்பேன்.